மூக்கு கவிழ்ந்து இறங்கும் பந்து

இரு முனையும் கூர்ந்த நீளப் பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் காணொளிகளை விரும்பிப் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எறியும்போது பந்தின் கூர்முனை வானத்தைப் பார்க்கிறது. இறங்கும்போது அதே முனை தரையைப் பார்க்கிறது. நடுவானில் அதைத் திருப்பிவிடுவது எது?"

காற்றுதான். ஆனால் அது திருப்பும் விதம் நேர்வழி அல்ல. அதற்கு முன் 1906க்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

அதுவரை அந்த ஆட்டத்தில் பந்தை முன்னோக்கி எறியவே கூடாது. கையில் இறுக்கிக்கொண்டு கும்பலாக முட்டி மோதித்தான் நகர வேண்டும். 1905இல் ஆடுகளத்தில் பல இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதி மாறியது, முன்னோக்கி எறியலாம் என்றானது. ஆனால் எறிந்த பந்து யார் மீதும் படாமல் தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். பலர் தயங்கியதில் வியப்பில்லை.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எட்டி கோச்செம்ஸ் தயங்கவில்லை. அந்தக் கோடையிலேயே அணியை விஸ்கான்சினில் உள்ள பியூலா ஏரிக்குக் கூட்டிப்போய் எறிதலைப் பழக்கினார். அன்றைய பந்து இன்றையதைவிடக் கொழுத்தது, ஒரு கைக்குள் அடங்காது. விரலுக்குப் பிடிமானம் என்று இருந்தது தோலை இழுத்துக் கட்டிய லேஸ் மட்டும்தான். அந்த லேஸில், பந்து குறுகும் முனைப்பக்கமாக விரல்களை வைத்து, விடும்போது மணிக்கட்டை முறுக்க வேண்டும் என்பது அவர் பாடம்.

செப்டம்பர் 5 அன்று கரோல் கல்லூரிக்கு எதிராக அவர் அணியின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து தரையில் விழுந்து எதிரணிக்குப் போனது. அப்புறம் எறிந்ததைச் சக ஆட்டக்காரர் ஜாக் ஷ்னைடர் பிடித்தார், 20 கஜ டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது). அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்கள், 11 வெற்றிகள். எடுத்த புள்ளிகள் 407, விட்டுக்கொடுத்தவை வெறும் 11. ஐயோவா 39-0 என்று தோற்றது. அந்த ஆண்டின் தேசிய சாம்பியன் பட்டியல்களில் யேல், பிரின்ஸ்டன் பெயர்கள்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால், ஆட்டத்தின் எதிர்காலத்தைக் காட்டிய அணி செயின்ட் லூயிஸ்தான்.

சரி, அந்த மணிக்கட்டு முறுக்கில் என்ன இருக்கிறது? சுழலாமல் எறிந்தால் பந்து குட்டிக்கரணம் போடும். எதிர்க்காற்றின் விசை பந்தின் மையத்தில் விழாமல் மூக்குக்கு, அதாவது முன்பக்கக் கூர்முனைக்கு அருகில் விழுவதால், மூக்கு கொஞ்சம் விலகினாலும் காற்று அதை இன்னும் விலக்கும். நீள அச்சில் நொடிக்குச் சுமார் 10 சுற்று சுழலவிட்டால், கோண உந்தம், அதாவது சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாத தன்மை, அச்சைப் பிடித்து நிறுத்துகிறது. இது பள்ளிப்பாடம்.

சிக்கல் இனிமேல்தான். அச்சு அவ்வளவு உறுதியானது என்றால், மேல்நோக்கிக் கிளம்பிய மூக்கு கடைசிவரை மேல்நோக்கியே அல்லவா இருக்க வேண்டும்? பந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அப்படி இறங்குவதில்லையே!

சாய்ந்து சுழலும் பம்பரத்தைப் பாருங்கள். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. பம்பரமோ விழாமல் தலையால் பக்கவாட்டில் வட்டம் போடுகிறது. சுழலும் பொருளின் அச்சைத் தள்ளினால் அது தள்ளிய திசையில் போகாது, அதற்குச் செங்குத்தான திசையில் நகரும்.

இப்போது பந்துக்கு வருவோம். வலக்கைக்காரர் எறிந்த பந்து, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். பாதை வளைந்து இறங்கத் தொடங்கியதும் மூக்கு பாதைக்குச் சற்று மேலே நிற்கிறது. காற்று அதை இன்னும் மேலே தள்ளப் பார்க்கிறது. ஆனால் மூக்கு போவது வலப்பக்கம். வலப்பக்கம் போனதும் காற்று அதை மேலும் வலப்பக்கம் தள்ளுகிறது. மூக்கோ இப்போது கீழே கவிழ்கிறது! பந்தைப் புரட்டிவிட வேண்டிய அதே விசை, சுழற்சியின் வழியாக வந்ததும் அதைப் பாதையோடு சேர்த்துத் திருப்பிவிடுகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளின் விஷயத்தில் இந்த நடத்தை முன்பே தெரிந்ததுதான். எறிந்த கால்பந்துக்கு இதைக் கணக்குப் போட்டு விளக்கிய கட்டுரை 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் 2020இல்தான் வந்தது. எழுதியவர்கள் திமோதி கே, ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ். "பந்து எப்படிப் பறந்தால் என்ன, இதற்கெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. உடனடிப் பயனைக் காட்டினால்தான் நிதி என்றால், இப்படிப்பட்ட கேள்விகளை மாணவர்கள் கேட்கவே மறந்துவிடுவார்கள்.

மூக்கு தொடர்ந்து கவிழ வேண்டும் என்றால் அது சராசரியாகப் பாதைக்கு வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியே இருந்தாக வேண்டும். அதனால் வலக்கைக்காரர் எறிந்த நீண்ட பந்து மெல்ல வலப்பக்கம் ஒதுங்கும், இடக்கைக்காரர் எறிந்தது இடப்பக்கம். எறிபவருக்குப் பின்னாலிருந்து எடுத்த காணொளி கிடைத்தால், கேள்வி கேட்ட வாசகர் அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம்.