விற்ற வாளைப் பற்றி அப்பா கேட்கவே இல்லை

ஆர்பிஜி கேம்களை, அதாவது ஒரு கதாபாத்திரமாகவே மாறி நாம் ஆடுகிற கதை விளையாட்டுகளை, சோதித்துப் பார்ப்பது என் தொழில். நாள் முழுக்க விளையாடிவிட்டுச் சம்பளம் வாங்குகிற அதிர்ஷ்டக்காரன் என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். நிஜத்தில் ஒரே கதவை 200 முறை திறந்து மூடுகிற வேலை. சுவரோரமாகவே நடந்து எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். பேசி வேலை வாங்க வேண்டிய ஆளைப் பேசுவதற்கு முன்பே கொன்று பார்ப்பேன். விற்கக் கூடாததை விற்றுப் பார்ப்பேன்.

அப்படி ஒருமுறை, முதல் காட்சியில் கதாநாயகனுக்கு அவன் அப்பா கொடுக்கும் வாளை அடுத்த ஊர் வியாபாரியிடம் தள்ளிவிட்டேன். ஏறக்குறைய 15 மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு கதை மறுபடி அப்பாவிடம் வந்து நின்றது. என் கையில் வேறொரு வாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. “நான் கொடுத்த வாள் உன்னைக் காப்பாற்றியிருக்கிறது” என்று தழுதழுத்தார். உடனே பிழை அறிக்கை எழுதி அனுப்பினேன். “இது பிழை அல்ல, வடிவமைப்பே இப்படித்தான்” என்ற ஒரு வரிப் பதிலோடு அதை மூடிவிட்டார்கள். கேம் அப்படியே வெளியானது.

நான் எழுதிய எத்தனையோ பிழை அறிக்கைகள் மறந்துபோய்விட்டன. இது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நல்ல ஆர்பிஜி எது என்று யாராவது கேட்டால், கிராபிக்ஸோ கதையின் நீளமோ நினைவுக்கு வருவதில்லை. அந்த வாள்தான் வருகிறது. நான் செய்ததை இந்த கேம் ஞாபகம் வைத்திருக்கிறதா? எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் வந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர், பகடை, காகிதம், பென்சில். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். நீங்கள் “கதவை உடைக்கவில்லை, காவலாளிக்குக் காசு கொடுக்கிறேன்” என்று சொன்னால் அவர் ஒரு நொடி யோசித்து, அதற்கேற்ப உலகத்தையே மாற்றிவிடுவார். அடுத்த வாரம் அதே காவலாளி மறுபடி கை நீட்டுவான். 1981-ல் ‘அல்டிமா’வும் ‘விசார்ட்ரி’யும் இந்த விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது எதையெல்லாம் எடுத்துவர முடிந்தது? எண்களை. உயிர்ப் புள்ளி, லெவல், ஆயுத பலம், பகடைக் கணக்கு எல்லாம் சுலபமாக வந்து சேர்ந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் வரவில்லை. அன்றிலிருந்து நல்ல ஆர்பிஜிகள் எல்லாம் அந்த ஆளைத் திரும்பக் கூட்டிவரப் பார்க்கின்றன என்பது என் கட்சி. மற்றவை எண்களோடு நின்றுவிடுகின்றன. லெவல் 40 ஆனதும் நாம் வேறொரு ஆளாகிவிட்டதாக நம்பச் சொல்கின்றன.

அந்த மனிதரைக் கூட்டிவர பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை என்பதற்கு 1985-லேயே சாட்சி இருக்கிறது. ‘அல்டிமா 4’-ல் கடைசியாகக் கொன்று முடிக்க ஒரு வில்லன் கிடையாது. 8 நற்பண்புகளில் தேர்வதுதான் இலக்கு. அதில் மந்திரத்துக்கான மூலிகை விற்கும் கடைக்காரருக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். குறைத்து வைத்தாலும் மூலிகை கிடைக்கும், யாரும் கத்த மாட்டார்கள், திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கு குறைந்துவிடும். இது தெரியாமல் விளையாடி, பல நாள் கழித்துக் கோட்டை ஞானியிடம் போய்த் தன் நிலையைக் கேட்கிறவனின் முகத்தை நினைத்துப் பாருங்கள். இன்றைய பல கேம்கள் இதே இடத்தில் “நேர்மை −5” என்று பொட்டில் அடித்தாற்போலக் காட்டிவிடும். காட்டிய மறுநொடி அது கணக்காகிவிடுகிறது. ஆடுகிறவரும் மனசாட்சியை விட்டுவிட்டுக் கால்குலேட்டரைக் கையில் எடுத்துவிடுவார்.

1995-ல் வந்த ‘குரோனோ ட்ரிகர்’ இன்னும் குறும்பு. ஆரம்பத்தில் ஒரு திருவிழாவில் சுற்றுகிறோம். யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துத் தின்னலாம். ஒரு பெண் மீது மோதிவிட்டு, அவளை எழுப்பிவிடாமல் கீழே விழுந்த பதக்கத்தை முதலில் எடுக்கலாம். கேமில் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டனை அமுக்கி எடுப்பது நம் எல்லோருக்கும் பழக்கம்தானே. அப்புறம் ஒரு நீதிமன்றக் காட்சி வருகிறது. சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து நாம் திருவிழாவில் செய்ததைச் சொல்கிறார்கள். விளையாட்டுத்தனமாக அமுக்கிய பட்டன் நம் குணத்துக்கு ஆதாரமாகிவிடுகிறது.

இதில் எனக்குத் தொழில்ரீதியாகப் பிடித்த விஷயம் வேறு. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் சரி, நிரபராதி என்று வந்தாலும் சரி, கதாநாயகன் போய்ச் சேர்வது சிறையில்தான். கதை ஒரே பாதையில்தான் போகிறது. ஆனாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றுவதில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள். “என் ஒவ்வொரு முடிவுக்கும் கதை தனித்தனியாகப் பிரிய வேண்டும்” என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள 10 கேள்விகள் வைத்தால் 1,024 விதமான நிலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி வசனம், தனிக் குரல்பதிவு, தனிக் காட்சி, அப்புறம் என்னைப் போன்ற ஒருவர் ஒவ்வொன்றையும் சோதித்தாக வேண்டும். யாராலும் முடியாது. கிளைகள் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்தே தீரும். சேர்கிற இடத்தில் தழும்பு தெரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் வாளுக்கு, விற்றேனா இல்லையா என்று கேம் குறித்துவைக்கிற ஒரு ஃப்ளாக்கும் அப்பா பேச ஒரு வரியும் போதுமாக இருந்தது. அதனால்தான் அந்தப் பதில் இன்னும் எரிச்சலூட்டுகிறது.

நினைவோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று, தோல்வியை கேம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது. பெரும்பாலான ஆர்பிஜிகளில் பேச்சு வார்த்தையில் சறுக்கினால் நாம் என்ன செய்கிறோம்? பழைய சேவ் ஃபைலைத் திறந்து மறுபடி முயல்கிறோம். எல்லோரும் செய்கிறோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தோற்றால் கதவு சாத்தப்படும், அவ்வளவுதான் என்று கேமே நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. 2019-ல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் உடைத்தது. தனியாகச் சண்டைக் களம் எதுவும் அதில் இல்லை. 24 திறன்கள், இரண்டு பகடைகள், பக்கம் பக்கமாகப் பேச்சு. பகடை காலை வாரினால் கதை நிற்காது, கேவலமான, சிரிப்பான வேறொரு பக்கம் போகும். உடல் பலவீனமான ஆளாக ஆரம்பித்தால், விசிறியில் மாட்டிக்கொண்ட டையை எடுக்கப்போய் மாரடைப்பில் சாகவும் முடியும். நான் அப்படித்தான் முதல் பத்து நிமிடத்திலேயே செத்தேன்.

1997-ன் ‘ஃபால்அவுட்’டும் இதே வகை. அறிவுப் புள்ளியை மிகக் குறைவாக வைத்தால் உங்கள் ஆளுக்குச் சரியாகப் பேசவே வராது, மற்றவர்களும் அதற்கேற்பத்தான் நடத்துவார்கள். பேச்சுத் திறனும் கையில் ஆதாரமும் இருந்தால், கடைசி எதிரியிடம் அவன் உருவாக்கும் இனத்தால் பிள்ளை பெற முடியாது என்று எடுத்துச் சொல்லி, ஒரு குண்டு கூடச் சுடாமல் அவனை நொறுக்கிவிடலாம். எண்கள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த எண் ஒரு மனிதனின் இயல்பாக மாறிவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2006-ன் ‘ஆப்ளிவியன்’ பல விதங்களில் அழகான கேம். ஆனால் நம் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். விளைவு, பல ஆயிரம் காசு பெறுமான கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வழிப்பறிக்காரன் நம்மிடம் வெறும் 100 காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் தொழிலை விட்டுவிடலாம். உலகம் நம்மைக் கவனிக்கிறது, ஆனால் நம் எண்ணை மட்டும்.

அதே கேமுக்கு அதே வருடம் குதிரைக் கவசம் ஒன்றை 2.50 டாலருக்குத் தனியாக விற்றார்கள். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இன்று போனில் ஆர்பிஜி என்ற பெயரில் வருவதில் பலவும் காச்சா வகை. பணம் கட்டிக் குலுக்கலில் கதாபாத்திரத்தை இழுக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இதை ஆடினால் ஒரே ஒரு கணக்கை மட்டும் அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். 1 சதவீத வாய்ப்பு என்றால் 100 முறை இழுத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. 100 பேர் ஆளுக்கு 100 முறை இழுத்தால் சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இத்தனை முறைக்குள் தந்தே தீர்வோம் என்று சில கேம்கள் வரம்பு வைக்கின்றன, அந்த வரம்பு வரை இழுக்க எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. குலுக்கலில் வரும் பொருள்களை ஒரு முழுத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பரிசு என்ற ‘கொம்ப்பு காச்சா’வை ஜப்பான் 2012-ல் சட்டவிரோதம் என்றது. 2018-ல் பெல்ஜியம் சில கேம்களின் லூட் பாக்ஸை, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டியை, சூதாட்டம் என்றே முடிவு செய்தது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் போச்சு என்பது இவற்றின் இன்னொரு வழக்கம். அங்கே ஞாபகத்தில் இருப்பது நம் வருகைப் பதிவேடு.

வெறும் சண்டைக்காக ஆர்பிஜி ஆடுகிறேன் என்பவர்களோடு எனக்கு வம்பு இல்லை. நன்றாகச் செய்த சண்டையும் ஒரு சுகம்தான், அதன் நினைவு ஆடுகிறவர் விரல்களில் தங்கும்.

வாங்குவதற்கு முன் சோதிக்க முடியுமா என்று கேட்பார்கள். கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தில் சொன்னபடி நடக்காதீர்கள். முதலில் வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரையாவது அவமதித்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து அவரிடமே திரும்பிப் போங்கள். முக்கியமான பேச்சுக்கு முன் சேவ் செய்து, எல்லா விடைகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து பாருங்கள். மூன்று விடைக்கும் ஒரே மறுமொழி என்றால், அது ஓரிரு இடத்தில் பரவாயில்லை, எங்கும் அப்படியே என்றால் யோசியுங்கள். மெதுவாகச் சூடேறும் நல்ல கேம்கள் இந்தச் சோதனையில் தோற்கவும் கூடும். என்ன செய்ய, 2 மணி நேரம்தானே.

சமீபத்தில் இன்னும் வெளியாகாத ஒரு கேமின் பில்டில், அதாவது சோதனைக்கு வரும் பதிப்பில், வழக்கம்போலத் திருடிக்கொண்டிருந்தேன். ஒரு கிழவி வீட்டில் மேசை விளக்கை எடுத்துப் பையில் போட்டேன். கேமுக்குள் மூன்று நாள் கழித்து இரவில் அந்த வழியாக வந்தபோது தெருவில் அவள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. உள்ளே போனேன். இருட்டில் உட்கார்ந்திருந்தாள், என்னைக் கண்டு ஒன்றும் சொல்லவில்லை. வடிவமைப்பாளரிடம் இதை வேண்டுமென்றே வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அங்கே வெளிச்சம் தருவது அந்த விளக்கு ஒன்றுதான், அது போனதால் வெளிச்சமும் போயிருக்கிறது, அவ்வளவுதான். பிழையாகப் பதிந்துகொள்ளவா, அடுத்த பில்டில் அறைக்கு வேறு வெளிச்சம் கொடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது விளக்கை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.