அரை மீட்டர் ரிப்பன் கேபிளும் 16-ஆம் சேனலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த 61 நாளில்தான் வயரிங், பேட்டரி எல்லாம் மாற்றுவார்கள். எனக்கும் கை நிறைய வேலை. அப்படி ஒரு தடைக்காலத்தில், ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு காக்காவின் (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது இப்படித்தான்) படகுக்கு, பேட்டரி வோல்ட்டையும் எஞ்சின் சூட்டையும் பெரிய சிவப்பு எண்களில் காட்டும் டிஸ்ப்ளே செய்து கொடுத்தேன். கரையில் ஓட்டிப் பார்த்தோம். வயர்லெஸ்ஸும் நன்றாகக் கேட்டது. சரியென்று பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தடை முடிந்து இரண்டாவது தடவை கடலுக்குப் போய்வந்ததும் போன் வந்தது. "தம்பி, உங்க போர்டைப் போட்டா வயர்லெஸ்ல ஒரே இரைச்சல். பக்கத்துப் படகு கேக்குது, தூரத்துல உள்ளவன் கூப்பிட்டா ஒண்ணும் கேக்கல. ஆஃப் பண்ணுனா கேக்குது."

ஆபத்தில் கூப்பிடும் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். என் டிஸ்ப்ளேயின் க்ளாக், அதாவது சிக்னல் துடிக்கும் வேகம், வெறும் 1 மெகாஹெர்ட்ஸ். இது எப்படி அங்கே போய் முட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். சிக்னல் எத்தனை தடவை மாறுகிறது என்பதைவிட, எவ்வளவு வெடுக்கென்று மாறுகிறது என்பதுதான் விஷயம். 2 நானோசெகண்டில் ஏறும் சிக்னலின் ஹார்மோனிக்ஸ் (அதன் வேகத்தின் மடங்குகளில் கூடவே வரும் அலைகள்) சுமார் 160 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத்தான் தேயும். அதற்கு மேல்தான் மளமளவென்று சரியும்.

போதாக்குறைக்கு, கன்ட்ரோலரிலிருந்து டிஸ்ப்ளேக்குப் போன ரிப்பன் கேபிள் அரை மீட்டர். 156.8 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 1.9 மீட்டர், அதில் கால் பங்கு 48 சென்டிமீட்டர். ஆன்டெனா செய்யச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வெட்டியிருக்க மாட்டேன்! பத்துக் கம்பிக்கு ஒரே ஒரு கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பி வரும் கம்பி. மரப்படகு, நடுவில் தடுக்க இரும்பும் இல்லை. வயர்லெஸ் செட் ஒரு முழம் தள்ளி இருந்தது.

கேபிளில் கிளிப் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினேன். இரைச்சல் குறைந்தது, போகவில்லை. அப்புறம் போர்டையே மறுபடி வரைந்தேன். ஒவ்வொரு சிக்னல் லைனிலும் ஐசி காலை ஒட்டி 100 ஓம் ரெசிஸ்டர். வெடுக்கென்ற ஏற்றம் மழுங்கியது. ரிப்பனில் ஒரு சிக்னல், ஒரு கிரவுண்ட் என்று மாறி மாறி வைத்தேன். போன கரண்ட் பக்கத்துக் கம்பியிலேயே திரும்பினால் வளையம் சிறுக்கும், வெளியே சிதறுவதும் குறையும். டிரைவர் ஐசி ஒவ்வொன்றுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சப்ளை காலை ஒட்டியே. எல்லாம் சில்லறைக் காசு, முதலிலேயே வரைந்திருந்தால்.

அலுமினியப் பெட்டிக்குள் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நம் உப்புக்காற்றில் மூடியும் பெட்டியும் சேரும் இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். தொடர்பு விட்டுப்போனால் அது கவசமில்லை, வெறும் டப்பா.

கரையில் பக்கத்துப் படகின் வலுவான சிக்னலைக் கேட்டு ஏமாந்தவன் நான். இப்போது ஆளில்லாத சேனலில் வைத்து, இரைச்சல் சரியாக அடங்கும் இடம் வரை ஸ்கெல்ச் குமிழை (சிக்னல் இல்லாதபோது வரும் இரைச்சலை அடக்குவது) திருப்பி, பிறகுதான் டிஸ்ப்ளேயை ஆன் செய்கிறேன். எல்இடி விளக்குகள் படகின் விஎச்எஃப் வயர்லெஸ்ஸைக் கெடுக்கின்றன என்று 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை விட்ட எச்சரிக்கையில் உள்ள சோதனை இது. செட் இரைந்தால் போர்டு என்னோடு ராமநாதபுரத்துக்கே திரும்பிவிடும். காக்காவின் போர்டு இரண்டு தடவை வந்தது.