வெட்டிய கார்டை வாங்கலாம், ஒட்டிய கார்டு வேண்டாம்

சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே செருகிய சிறு அட்டையில் படம் அச்சிடத் தொடங்கியதில்தான் விளையாட்டு வீரர் படக் கார்டு சேகரிப்பு வேர்விட்டது. இங்கிலாந்தின் ஜான் பிளேயர் நிறுவனம் 1930, 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் 50 கார்டுகள் கொண்ட கிரிக்கெட் வீரர் தொகுதிகளை வெளியிட்டது. ஒரே கார்டுதான், மூலை கூராக இருந்தால் ஒரு விலை, மழுங்கியிருந்தால் அதில் சிறு பங்கு. இந்த வித்தியாசம்தான் சிலரைப் பிளேடும் பசையும் எடுக்க வைக்கிறது.

அப்படிக் கைவைத்த கார்டை வாங்கலாமா? புதுச்சேரி, கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கான விடை நம் கடற்காற்றில் இருக்கிறது.

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார்களைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் ஏறினால் அவை தளரும், காய்ந்தால் மறுபடி இறுகும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது காகிதத்தின் எடையில் ஏறத்தாழ 6 முதல் 8 சதவீதம் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் 80-ஐத் தாண்டும்போது அது 10 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

மடிப்பை மறைப்பவர்கள் இந்தத் தளர்வைத்தான் பயன்படுத்துகிறார்கள். கார்டை லேசாக நனைத்து, கனமான பொருளின் கீழ் அழுத்திக் காயவைப்பார்கள். நார்கள் தட்டையாகிவிடும், ஆனால் முறிந்த நார் ஒட்டுவதில்லை, விரிசல் விட்ட மைப்படலமும் சேர்வதில்லை. அடுத்த மழைக்காலத்தில் நார் உப்பும்போது மடிப்புக்கோடு திரும்பி எழும். காகிதக்கூழும் ஸ்டார்ச் பசையும் வைத்துக் கட்டிய மூலை இன்னும் மோசம். பழைய காகிதமும் புதுக்கூழும் ஈரத்தில் ஒரே அளவு விரிவதில்லை. இணைப்பில் விளிம்பு தூக்கும். போதாக்குறைக்கு ஸ்டார்ச் பூஞ்சைக்குச் சாப்பாடு. கறை போக ப்ளீச் போட்ட கார்டில் செல்லுலோஸ் சங்கிலிகளே துண்டாகியிருக்கும். வாங்கும்போது வெள்ளையாக இருப்பது பின்னர் பழுத்து, நொறுங்கத் தொடங்கும். இந்த மூன்றையும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

ஓரம் வெட்டிய கார்டு வேறு வகை. போனது போனதுதான், ஆனால் மிச்சமிருப்பது அசல் காகிதம், அசல் மை. ஈரம் அதைக் காட்டிக்கொடுக்காது, கெடுக்கவும் செய்யாது. தொகுதியில் ஒரு காலியிடத்தை நிரப்ப, வெட்டியது என்று சொல்லி, அதற்கேற்ற குறைந்த விலைக்குத் தந்தால் தாராளமாக வாங்கலாம். சொல்லாமல் விற்பதுதான் மோசடி. 1909–11 காலத்து அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு ஒன்று 1991-ல் 4,51,000 டாலருக்கு ஏலம் போனது. பிறகு கார்டின் நிலைக்கு மதிப்பெண் போடும் தரச்சான்று நிறுவனம் அதற்கு 10-க்கு 8 கொடுத்தது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். சான்றோடு பெட்டியில் அடைத்து வந்தாலும் கார்டைப் பார்த்தே தீர வேண்டும்.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் கட்டோடு கிடைத்தாலும், இணைய ஏலத்தில் வந்தாலும் சோதனை ஒன்றே. நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், மி.மீ. துல்லியமாக அளக்கும் டிஜிட்டல் காலிப்பர், டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு போதும். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் மலிவு விளக்குகள் பல 395-ல் எரிபவை. அவற்றின் ஊதா வெளிச்சமே மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடும்.

முதலில் அளவு. பிரிட்டிஷ் சிகரெட் கார்டு பெரும்பாலும் 36 × 68 மி.மீ. அச்சகத்திலேயே அரை மி.மீ. கூடக்குறைய வெட்டப்பட்டிருக்கலாம், சற்றுப் பெரிதாகப் பிறந்த கார்டை வெட்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஆகவே காலிப்பர் சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பு லென்ஸில். நான்கு ஓரங்களையும் ஒப்பிடுங்கள். பழைய வெட்டு பழுப்பேறி, கைபட்டு லேசாக உருண்டிருக்கும். புதிய வெட்டு வெளுப்பாக, கூராக இருக்கும். கையால் இழுத்த பிளேடு நடுவில் உள்வாங்கும்.

அடுத்து டார்ச்சை மேசையோடு படுக்கவைத்து அடியுங்கள். அமுக்கிய மடிப்பு நிழலாகத் தெரியும். கார்டின் பின்னால் வெளிச்சம் பிடித்தால் கட்டிய மூலை அடர்த்தி மாறித் தோன்றும். வண்ணம் தீட்டிய இடத்தில் அச்சுப்புள்ளிகள் இல்லாமல் மை நாருக்குள் பரவியிருக்கும்.

கடைசியாகப் புற ஊதா. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிரூட்டிகள் 1940-களின் இறுதியில்தான் காகித ஆலைகளுக்குள் பரவலாக வந்தன. 1934 கார்டு நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் ஒன்று மறுஅச்சு, இல்லையென்றால் சலவைத்தூள் பட்ட கார்டு. துணிச்சோப்பிலும் அதே ஒளிரூட்டிகள் இருக்கின்றன.

வாங்கிய பிறகு பாலிப்ரொப்பிலீன் உறைதான், பிவிசி கூடாது. இறுக்கமாக மூடும் டப்பாவில் நிறம் மாறும் சிலிகா ஜெல் வைத்து, ஈரப்பதத்தை 45–55 சதவீதத்தில் நிறுத்துங்கள். என்ன மாற்றம், எந்த ஓரம், எத்தனை மி.மீ. குறைவு என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி உறையின் பின்னால் செருகுங்கள். கார்டை விற்கும்போது அந்தச் சீட்டும் கூடவே போகட்டும்.