ஆல்ப்ஸ் அபார்ட்மென்டில் பருப்பு வேகாது

பிரான்சின் சவோய் பகுதியில் உள்ள மூத்தியே ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பஸ் ஏறினால் 37 கிலோமீட்டர் மலைப்பாதை. அது முடியும் இடம் வால் தொரான்ஸ், 2,300 மீட்டர். ஐரோப்பாவின் பனிச்சறுக்கு ஊர்களிலேயே உயரமானது இதுதான். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 1,800 மீட்டர் ஏறிவிடுகிறோம். காது இரண்டு மூன்று முறை அடைத்துத் திறக்கும். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் வெடிக்கப் பார்க்கும். தயிர் டப்பாவைத் திறந்தால் சட்டையில் தெறிக்கும். உள்ளே இருப்பது சமவெளியில் அடைத்த காற்று. வெளியே இருப்பதோ, கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கே உள்ள காற்று.

பிரெஞ்சு ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டலில் அல்ல, வாடகை அபார்ட்மென்டில்தான் தங்குகிறார்கள். கணக்கு சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை. நான்கு பேருக்கு என்று விளம்பரம் செய்திருக்கும் அறை 25 சதுர மீட்டர் இருந்தால் பெரிது. நுழைந்தவுடன் நடையிலேயே சுவரோடு சுவராக ஓர் அடுக்குக் கட்டில், பகலில் சோபாவாக இருந்து இரவில் விரியும் படுக்கை, இரண்டே இரண்டு மின் அடுப்புகள், அலமாரியில் பாலாடைக்கட்டி உருக்கும் ராக்லெட் கருவி. சமையலறைக்குப் போதிய கத்தி இருக்காது, ஆனால் ராக்லெட் கருவி கட்டாயம் இருக்கும்.

மூன்றாம் நாளுக்குள் புகார்ப் பட்டியல் தயாராகிவிடும். தண்ணீர் கொதிக்கிறது, ஆனால் எதுவும் வேகவில்லை. ஹீட்டர் தொண்டையை வறட்டுகிறது. மெத்தை சரியில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ஜன்னல் ஒழுகுகிறது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் அவர்கள் பங்கு மிகக் குறைவு. மலைமேல் காற்று மெலிந்திருக்கிறது; குளிர்ந்தும் இருக்கிறது. மேலே சொன்ன அத்தனையும் இந்த இரண்டிலிருந்து வருகின்றன.

முதலில் அடுப்படி. நீரின் ஆவியழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எட்டும்போது அது கொதிக்கிறது. மேலிருந்து அழுத்தும் காற்று குறைந்தால், குறைந்த வெப்பத்திலேயே குமிழி விடத் தொடங்கிவிடும். 2,300 மீட்டரில் நீர் கொதிப்பது சுமார் 92 டிகிரி செல்சியஸில். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதைத் தாண்டாது. கூடுதல் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதில் போய்விடும். குமிழியைப் பார்த்துவிட்டு நாம் நூறு டிகிரி என்று நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

எட்டு டிகிரி குறைவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அரிசிக்கு அதிகம் ஆகாது. அரிசி மாவுச்சத்து பெரும்பாலும் 65 முதல் 80 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி இளகிவிடுகிறது. சற்று நேரம் கூட வைத்தால் போதும். முட்டையும் அப்படியே, கொஞ்சம் பொறுமை வேண்டும். பருப்பு, கொண்டைக்கடலை கதை வேறு. அவற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அது உடைந்து கரைந்தால்தான் பருப்பு குழையும். இது ஒரு வேதிவினை. இத்தகைய வினைகளின் வேகம் வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு. ஊரில் முக்கால் மணி நேரத்தில் வேகும் பருப்பு அங்கே ஒன்றே கால் மணி நேரம் கழித்தும் பல்லில் கடிபடும். ஆல்ப்ஸின் நீரில் பல இடங்களில் கால்சியமும் அதிகம். கால்சியம் பெக்டினை இன்னும் கெட்டிப்படுத்தும்.

தீர்வு நமக்குத் தெரிந்ததுதான், குக்கர். கடல்மட்டத்தில் குக்கருக்குள் நீர் சுமார் 120 டிகிரி வரை போகிறது. வெயிட் தாங்குவது வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தை மட்டுமே என்பதால், வெளிக்காற்று மெலிந்த இடத்தில் குக்கரின் உள்வெப்பமும் சற்றுக் குறையும். 117 டிகிரியோடு நின்றுவிடும். திறந்த பாத்திரத்தில் இழப்பு எட்டு டிகிரி, குக்கரில் மூன்று நான்குதான். குக்கருக்கு மூலவரான ‘டைஜஸ்டர்’ கலத்தைச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பிளுவா பகுதியில் பிறந்த தெனி பாப்பான், 1679இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதைச் செய்துகாட்டினார். எலும்பையும் குழைய வைக்கும் கருவி அது. அப்படியிருந்தும் அபார்ட்மென்ட் அலமாரிகளில் குக்கரைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. பருப்பில்லாமல் இருக்க முடியாதவர்கள் சிறிய குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் சீக்கிரம் வேகும் மசூர் பருப்போடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. போஃபோர் போன்ற சவோய் பாலாடைக்கட்டிகளை வெள்ளை ஒயினில் உருக்கிச் செய்யும் ஃபாண்டு கொதிக்கவே தேவையில்லை, கொதித்தால் கெட்டுவிடும். பாலாடைக்கட்டியில் கேசீன் புரதங்களைப் பிணைப்பது கால்சியம். ஒயினின் டார்டாரிக் அமிலம் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் கட்டியாகத் திரளாமல் குழம்பாக ஓடுகிறது. சூடு மிஞ்சினால் புரதம் சுருங்கிக் கொழுப்பைப் பிழிந்து தள்ளிவிடும். மலைச் சமையல் மலைக் காற்றுக்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கிறது.

சாப்பாடு ஒருவழியாக முடிந்தது. இனித் தூக்கம். ஆக்சிஜன் மேலே குறைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் அதன் விகிதம் மாறுவதில்லை; அங்கும் 21 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் வரும் மொத்தக் காற்றே முக்கால் பங்கு என்பதால் ஆக்சிஜனும் முக்கால் பங்கு. கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் இதைக் கண்டதும் மூச்சைக் கூட்டச் சொல்கின்றன. கூட்டி மூச்சுவிட்டால் ஆக்சிஜன் ஓரளவு ஏறும். அதோடு ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிவிடும். சிக்கல் இங்கேதான். தூங்கும்போது மூச்சை முடுக்குவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அது ஒரு வரம்புக்குக் கீழே போனால் மூளை ‘மூச்சு தேவையில்லை’ என்று நிறுத்திவிடுகிறது. சில நொடிகள் மூச்சே இல்லை. அதற்குள் கார்பன் டை ஆக்சைடு ஏறி, ஆக்சிஜன் இறங்கி, திடீரென்று ஓர் ஆழ்ந்த மூச்சு. அதில் தூக்கம் கலைகிறது. மறுபடி வேக மூச்சு, மறுபடி நிறுத்தம். வெந்நீர் தாமதமாக வரும் குளியலறையில் குழாயைத் திருகுவது போன்றது இது: சூடு வரவில்லை என்று அதிகம் திருப்புவோம், சுட்டதும் அதிகமாக மூடுவோம், நடுநிலையில் நிற்காது. நுரையீரலில் நடந்தது மூளையின் உணரிக்கு எட்ட ரத்தம் சுற்றி வரும் நேரம் ஆகிறதே, அந்தத் தாமதமே ஊசலாட்டத்துக்குக் காரணம்.

2,500 மீட்டருக்கு மேல் இது சாதாரணம். மலைநோய் பற்றிய எச்சரிக்கைகளும் பெரும்பாலும் அந்த உயரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. வால் தொரான்ஸ் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஆனாலும் ஒரே நாளில் ஏறியவர்களில் சிலருக்கு முதல் இரவு அரைத்தூக்கமும் லேசான தலைவலியும் இருக்கும். மது அருந்திவிட்டுப் படுத்தால் மூச்சின் கட்டுப்பாடு இன்னும் தளரும். இரவில் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருப்பதும் உயரத்தின் வேலைதான். உடல் ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கொஞ்சம் வெளியேற்றி, மிச்சத்தில் ஹீமோகுளோபின் அடர்த்தியைக் கூட்டிக்கொள்கிறது. மலிவான தந்திரம், ஆனால் இரண்டொரு நாளில் பலன் தரும். சிவப்பணுக்களைப் பெருக்குவதற்கான எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனும் சில மணி நேரத்திலேயே கூடத் தொடங்குகிறது. அந்த அணுக்கள் குறிப்பிடத்தக்க அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். ஒரு வார வாடகைக்காரருக்கு அவை பயன்படப் போவதில்லை.

இனிக் குளிர். மைனஸ் பத்து டிகிரி குளிரில் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் கனமீட்டருக்குச் சுமார் 2 கிராம் நீராவிதான் அதில் இருக்க முடியும். அதே காற்று அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகிறது. அந்த வெப்பத்தில் கனமீட்டருக்கு 17 கிராம் வரை இருக்கலாம். இருப்பதோ அந்த 2 கிராம். ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடுகிறது. ஹீட்டர் ஈரத்தை உறிஞ்சவில்லை. குளிரில் ஏற்கெனவே ஈரமற்றுப்போன காற்றைச் சூடாக்கி, அதன் வறட்சியை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. உதடு வெடிப்பது, காலையில் தொண்டை கமறுவது, கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது பொறி பறப்பது, கதவுப்பிடி விரலைச் சுண்டுவது எல்லாம் இதனால்தான். நம் ஊட்டியும் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறத்தாழ இதே. பருப்பு அங்கும் சண்டித்தனம் செய்யும். ஆனால் ஊட்டியில் மழைக்காலத்தில் துவைத்த சட்டை நாள்கணக்கில் காயாது. வால் தொரான்ஸில் நாற்காலியில் போட்ட ஈரச் சாக்ஸ் விடிவதற்குள் மொறமொறப்பாகிவிடும்.

அப்படியானால் ஜன்னல் ஏன் ஒழுகுகிறது? ஒழுகவில்லை, அது நம் மூச்சு. ஒருவர் தூக்கத்தில் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 கிராம் அளவில் நீராவி விடுகிறார். நான்கு பேர், எட்டு மணி நேரம், மூடிய சிறிய அறை: ஒரு லிட்டருக்கு மேல். இதோடு குளியல், பாஸ்தா கொதித்த ஆவி, கதவில் தொங்கும் நனைந்த ஜாக்கெட்டுகள். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு ஏறிவிட்டால் 6 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். கண்ணாடி மாற்றாத 1970களின் கட்டடங்களில் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் உறைநிலைக்கும் கீழே போவதால் அதில் பனிப்பூக்களே பூக்கும். இன்றைய இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் 15 டிகிரியை ஒட்டி இருக்கும், அது தப்பிவிடும். தப்பாதது அலுமினியச் சட்டம். குளிரைக் கடத்துவதில் அதற்கு ஈடில்லை. காலையில் சட்டத்தின் அடிப்பள்ளத்தில் விரலால் வழித்தெடுக்கும் அளவு தண்ணீர் நிற்கும். மூலையில் கரும்புள்ளியாகப் பூஞ்சையும் இருக்கும்.

ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு மெல்லிய பிளவைப் பார்க்கலாம். குளியலறையில் இருக்கும் விசிறி உள்காற்றை இழுத்து வெளியே தள்ள, புதுக் காற்று இந்தப் பிளவு வழியாக நுழைகிறது. பிடரியில் குளிர் வீசுகிறதே என்று இதில் துண்டைத் திணிப்பவர்கள் உண்டு. நான்கு பேர் தூங்கும் அறையில் அதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. காலையில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு ஏறியிருக்கும். தலைவலிக்கு உயரத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். படுக்குமுன்னும் எழுந்தவுடனும் ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்துவிடுவதே சரி. வெப்பம் எல்லாம் போய்விடாதா என்றால், போகாது. இவ்வளவு சிறிய அறையில் அந்த உயரத்தில் இருப்பது 57 கிலோ காற்றுதான். அதை முழுக்க மாற்றி முப்பது டிகிரி சூடேற்ற அரை யூனிட் மின்சாரம் போதும். சுவரும் மெத்தையும் நாற்காலியும் தங்கள் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். தொண்டை வறட்சிக்குத் துண்டை நனைத்து நாற்காலியில் போட்டால் போதும். ஹீட்டர்மேல் மட்டும் போடக்கூடாது, தீப்பிடிக்கும்.

பால்கனியைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கு பார்த்த பால்கனியில் பூஜ்யம் டிகிரியில் சட்டையோடு உட்கார்ந்து காபி குடிக்க முடியும். தலைக்குமேல் காற்றும் நீராவியும் குறைவு, வெயில் வடிகட்டப்படாமல் இறங்குகிறது. புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்து சதவீதம் அளவில் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை கீழிருந்தும் திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியில் தோல் கருகிப்போவது அதனால்தான்.

கடைசியாக பூட்ஸ். பனிச்சறுக்கு பூட்ஸின் வெளிக்கூடு பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக். குளிரில் அது விறைத்துவிடும். இரவு பால்கனியிலோ காரிலோ விட்டுவைத்த பூட்ஸுக்குள் காலையில் கால் நுழைக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் புரியும். உள்ளுறையோ பகல் முழுவதும் வியர்வையைக் குடித்திருக்கும். அறைக் காற்று எவ்வளவு வறண்டதாக இருந்தாலும் பூட்ஸின் நுனிக்குள் அது தானாகப் போய்ச் சேராது. அங்கே தேங்கிய காற்று சீக்கிரமே ஈரத்தால் நிரம்பி, உலர்வது நின்றுவிடும். அதனால்தான் கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையில் குழாய் வழியாக இளஞ்சூட்டுக் காற்றை பூட்ஸுக்குள் ஊதும் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். முக்கியமானது சூடு அல்ல, காற்று நகர்வது. கொதிக்கும் ஹீட்டர் அருகே வைத்தால் உள்ளுறையின் நுரை உருமாறி, கால் அளவே தப்பிவிடும். தாங்கி இல்லாத பழைய கட்டடத்தில் உள்ளுறையை வெளியே உருவி எடுத்து, நுனிவரை செய்தித்தாளைத் திணித்து, படுக்கப் போகும்போது ஒருமுறை தாளை மாற்றினால் காலையில் சரிவுக்கு ஏற்றிச்செல்லும் முதல் லிஃப்ட் கிளம்பும்போது கால் தடங்கலில்லாமல் உள்ளே போகும்.