செத்தா என்ன போகும்ங்கறதுதான் பாஸ் மான்ஸ்டர் எவ்ளோ கஷ்டமா இருக்கலாம்னு முடிவு பண்ணுது

ஆன்லைன் ஃபேன்டஸி ஆர்பிஜி (ஒரு கேரக்டர வளர்த்து ஆடுற கேம்) ஆடுறவங்க நாலு பேர் சேர்ந்தா ரெண்டு விவாதம் கண்டிப்பா வரும். மான்ஸ்டர் எவ்ளோ கஷ்டமா இருக்கணும்ங்கறது ஒண்ணு, நம்ம கேரக்டர் செத்தா என்ன போகணும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டையும் தனித்தனியாத்தான் பேசுறோம், ஆனா கணக்கு போட்டு பார்த்தா ரெண்டும் ஒரே பெருக்கல்ல வர்ற எண்கள்தான். சாகுறதுக்கு எவ்ளோ வாய்ப்பு, செத்தா எவ்ளோ நஷ்டம், இத பெருக்குனா வர்றதுதான் அந்த சண்டையோட உண்மையான விலை.

ஒரு குகைல 10 சண்டைக்கு 1 தடவை சாவீங்க, ஜெயிச்சா தலா 100 எக்ஸ்பி (லெவல் ஏத்துற அனுபவப் புள்ளி), செத்தா 900 எக்ஸ்பி போகும்னு வச்சுக்கோங்க. 9 தடவை ஜெயிச்சு சேர்த்தது ஒரே சாவுல காலி, மொத்த லாபம் பூஜ்யம். வெளிய இருக்கற சப்பை மான்ஸ்டர் உங்கள கொல்லவே கொல்லாது, 20 எக்ஸ்பிதான் தரும், ஆனா 10 சண்டைக்கு 200 கைல நிக்கும். அப்புறம் யாரு குகைக்குள்ள போவா? டிசைனர் பயங்கரமா ஒரு குகைய கட்டி வச்சும் அது காலியாத்தான் கிடக்கும், எல்லாரும் வெளிய நின்னு அதே சப்பை மான்ஸ்டர மணிக்கணக்கா அடிச்சிட்டு இருப்பாங்க. தண்டனைய ஏத்துனா கேம் கஷ்டமாகும்னு நினைக்கறோம், நடைமுறைல ஆளுங்க ஈஸியான சண்டையா தேடி போயிடுறாங்க, கேம் மெதுவாகுது அவ்ளோதான். இதுக்கு மேல மனசு வேற இருக்கு. உளவியல் ஆராய்ச்சியாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1992-ல போட்ட கணக்குப்படி ஒரு இழப்பு அதே அளவு லாபத்த விட ரெண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலயே கனமா தெரியும், அதனால கணக்குல பூஜ்யமா நிக்கற குகை மனசுக்கு பெரிய நஷ்டமா தெரியும்.

1999-ல வந்த எவர்க்வெஸ்ட்ல இது அப்படியே நடந்துச்சு. செத்தா எக்ஸ்பி போகும், லெவல் கூட இறங்கும், போட்டிருந்த கவசம் ஆயுதம் எல்லாம் பிணத்தோட அங்கயே கிடக்கும், வெறுங்கையோட வேற இடத்துல எழுந்து அத எடுக்க ஓடணும். அதனால ஆளுங்க ஒரு மூலைல பாதுகாப்பா உக்காந்துகிட்டு ஒவ்வொரு மான்ஸ்டரா இழுத்துட்டு வந்து அடிச்சாங்க. ஆனா நியாயமா சொல்லணும்னா அந்த பயம்தான் மனுஷங்கள சேர்த்தும் வச்சுது, க்ளெரிக் (செத்தவங்கள எழுப்புற பூசாரி கேரக்டர்) வந்து உயிர் குடுத்தா போன எக்ஸ்பில பெரும்பகுதி திரும்ப வரும், அதனால நல்ல க்ளெரிக்குன்னா சர்வர் முழுக்க பேர் தெரியும். அத இன்னைக்கு நிறைய கேம்ஸ் இழந்துடுச்சுன்னுதான் நான் நினைக்கறேன்.

2004-ல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நேர் எதிரா போச்சு. செத்தா ஆவியா பிணத்துகிட்ட நடந்து போய் எழுந்துக்கலாம், போட்டிருக்கற சாமானோட உறுதி 10% குறையும், ரிப்பேர் செலவு, முடிஞ்சுது. இத பார்த்துட்டு கேம் ஈஸியாயிடுச்சுன்னு அப்போ நிறைய பேர் சொன்னாங்க, ஆனா பெருக்கல்ல ஒரு எண் குறைஞ்சா இன்னொண்ண ஏத்தலாம்ல? சாவு மலிவா இருந்ததாலதான் ஒரே பாஸ்கிட்ட (தலைவன் மாதிரி பெரிய மான்ஸ்டர்) நூத்துக்கணக்கான தடவை மொத்த டீமும் செத்து செத்து கத்துக்கற மாதிரி கொடூரமான ரெய்டுகள (பெரிய டீமா சேர்ந்து போற சண்டை) கட்ட முடிஞ்சுது. எவர்க்வெஸ்ட் தண்டனைய வச்சுகிட்டு ஒரு பாஸ்ட்ட 300 தடவை சாகுறத நினைச்சு பாருங்க, லெவல் எங்க போய் நிக்கும்?

சரி, இதுவரைக்கும் பேசுனது ஒரு ஆள் கணக்கு. மல்டிபிளேயர்னு வந்தா கணக்கே வேற மாதிரி ஆகும், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதியும் இதுதான். உங்களுக்கு ஹெச்பி (உயிர் அளவு, பூஜ்யமானா சாவு) 100, செகண்டுக்கு 10 டேமேஜ் (எதிரி ஹெச்பில குறையற அளவு) அடிக்கறீங்க, பாஸ் செகண்டுக்கு 20 அடிக்குது, ஹீலர் (ஹெச்பிய திரும்ப ஏத்தி விடறவர்) இல்ல. தனியா போனா 5 செகண்ட்ல செத்துடுவீங்க, அதுக்குள்ள பாஸுக்கு 50 டேமேஜ் குடுத்திருப்பீங்க. இப்ப 5 பேர் போறீங்க, பாஸ் ஒருத்தர முடிச்சுட்டு அடுத்தவர்கிட்ட வருது. முதல் 5 செகண்ட் 5 பேரும் அடிப்பீங்க, அடுத்த 5 செகண்ட் 4 பேர், அப்புறம் 3, 2, 1. கூட்டி பாருங்க, 250, 200, 150, 100, 50, மொத்தம் 750. ஆள் 5 மடங்கு, பலம் 15 மடங்கு! ஃபிரெடரிக் லான்செஸ்டர்ங்கற இங்கிலாந்து இன்ஜினியர் முதல் உலகப்போர் சமயத்துல, 1916-ல, படைகளுக்கு எழுதுன இருமடி விதியும் இதே குடும்பம்தான், எண்ணிக்கை கூடுனா பலம் அதோட வர்க்கமா ஏறும்ங்கறது.

அதனால 5 பேருக்கு பாஸ் ஹெச்பிய வெறும் 5 மடங்கு, அதாவது 250-ன்னு வச்சா முதல் ஆள் விழற நேரத்துக்குள்ள பாஸ் விழுந்துடும், சண்டையே இல்ல. டயாப்லோ 2-ல ஒவ்வொரு கூடுதல் பிளேயருக்கும் மான்ஸ்டர் ஹெச்பி 50% ஏறும், 8 பேர் இருந்தா நாலரை மடங்கு, அதனாலதான் எல்லாரும் ஒண்ணா நின்னா அங்க எல்லாம் தூள் தூளா போகும். ஆளுங்க மேப்ல ஆளுக்கு ஒரு பக்கம் சுத்துறதால அது அந்த கேமுக்கு சரியான முடிவுதான், ஆனா எல்லாரும் ஒரே இடத்துல நிக்கற ரெய்டுக்கு அது ஒத்து வராது.

இப்ப டிசைனர் கெட்டிக்காரத்தனமா பாஸ் ஹெச்பிய 700-ன்னு வைக்கறாருன்னு வைங்க. 5 பேரும் ஒழுங்கா ஆடுனா ஜெயிப்பாங்க. ஆனா ஆரம்பத்துலயே ஒருத்தர் தப்பான இடத்துல நின்னு செத்துட்டா மிச்ச 4 பேரோட மொத்த டேமேஜ் 500 மட்டும்தான், பாஸுக்கு இன்னும் 200 இருக்கும், எல்லாரும் காலி. 5-ல ஒருத்தர் போனா பலத்துல மூணுல ஒரு பங்கு போகுது. ஒருத்தர் செஞ்ச தப்புக்கு 5 பேருக்கும் தண்டனைங்கறப்போ அந்த தண்டனை பெருசா இருந்தா என்ன ஆகும்னு தெரியும்ல, டீமுக்குள்ள திட்டு, புதுசா வர்றவன யாரும் சேர்த்துக்க மாட்டாங்க. சண்டை நடுவுலயே ஒருத்தர எழுப்புற ஸ்பெல்லு, கில்ட் வார்ஸ் 2-ல (2012) விழுந்ததும் சாகாம தரையில கிடந்தே போராடுற நிலை, இதெல்லாம் இந்த சரிவ நடுவுல பிடிச்சு நிறுத்தத்தான்.

பிளேயர பிளேயரே கொல்லலாம்னா சாகுற வாய்ப்புங்கற எண் டிசைனர் கைலயே இருக்காது. 1997-ல வந்த அல்டிமா ஆன்லைன்ல கொன்னவன் சாமான அள்ளிக்கலாம், புதுசா வந்தவங்கதான் இரையானாங்க, 2000-ல உலகத்தையே ரெண்டா பிரிச்சு ஒண்ணுல அந்த மாதிரி கொல்லவே முடியாதுன்னு ஆக்குனாங்க.

கடைசியா ஹார்ட்கோர், செத்தா கேரக்டரே போச்சு. இங்க நஷ்டம் முழுசு, அதனால வாய்ப்ப எவ்ளோ சின்னதாக்கணும்னு பாருங்க. ஒரு சண்டைல சாகுற வாய்ப்பு 1000-ல 1-தான்னாலும் 1000 சண்டை தாண்டி உயிரோட இருக்கறவங்க கிட்டத்தட்ட 37%தான். 100-ல 1-ன்னா லட்சம் பேர்ல 4 பேர் மிஞ்சுவாங்க. அடுத்தது, சராசரி டேமேஜ பார்த்து ஏமாந்துடக்கூடாது. எப்பவும் 20 அடிக்கற மான்ஸ்டரும், 10-ல 1 தடவை மட்டும் 200 அடிச்சு மிச்ச நேரம் ஒண்ணுமே பண்ணாத மான்ஸ்டரும் சராசரில ஒண்ணுதான், ஆனா 100 ஹெச்பி இருக்கறவனுக்கு முதலாவது ஓடறதுக்கு நேரம் குடுக்கும், ரெண்டாவது முதல் அடிலயே கொன்னுடலாம். ஹார்ட்கோர்ல ரெண்டாவது மாதிரி மான்ஸ்டர் இருக்கவே கூடாதுங்கறது என் கருத்து, அங்க ஆடுறவன் தப்பு பண்ணி சாகல.

வார்கிராஃப்ட்டோட பழைய வடிவமான க்ளாசிக்குக்கு 2023-ல அதிகாரப்பூர்வமா ஹார்ட்கோர் சர்வர் வந்தப்போ, நெட் கட்டாகி செத்தாலும் கேரக்டர் திரும்ப வராதுங்கறதுதான் விதி. 2025-ல அந்த சர்வர்கள் மேல டிடாஸ் தாக்குதல் (போலி ட்ராஃபிக்க கொட்டி சர்வர முடக்கறது) நடந்து ரெய்டுல இருந்தவங்க கூட்டமா செத்தப்போ மட்டும், அந்த தாக்குதலால செத்த கேரக்டர்கள திரும்ப எழுப்புறோம்னு நிறுவனம் அறிவிச்சுது.