வாட்டர்ஷெட்: நீர்ப்பிடிப்பா, நீர்வடிப்பகுதியா?

"உள்ளூர் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு நிதி" என்ற தொடரை மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். வெள்ளத்தைத் தணிக்கவும் நீரின் தரத்தைக் காக்கவும் அந்தந்தப் பகுதி வாட்டர்ஷெட்டை, அதாவது மழைநீர் வடிந்து ஒரே வழியாக வெளியேறும் நிலம் முழுவதையும், சீர்செய்யப் பணம் ஒதுக்குவது பற்றிய அறிக்கை அது. நல்ல விஷயம். ஆனால் படித்து முடித்தவர் மனதில் நிற்பது, எங்கோ மலைமேல் ஓர் அணைக்குப் பின்னால் ஏதோ வேலை நடக்கப்போகிறது என்பதுதான். அறிக்கை பேசுவதோ அவர் வீட்டுக் கூரையையும் தெருவையும் பற்றி.

முதலில் சொல்லின் பிறப்பு. ஷெட் என்றதும் கொட்டகை என்று எடுத்துக்கொண்டு 'நீர்க்கொட்டகை' என்று எழுதும் எந்திர மொழிபெயர்ப்பும் உண்டு, அதை விட்டுவிடுவோம். இந்த ஷெட்டுக்குப் பிரித்தல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் வாஸர்ஷைட என்றால் நீர் பிரியும் இடம். அதைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் வந்தது என்பது பொதுவான கருத்து. அப்போது அது ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு முகட்டில் விழும் மழை இந்தப் பக்கம் ஓர் ஆற்றுக்கும் அந்தப் பக்கம் வேறோர் ஆற்றுக்கும் போகிறதே, அந்தக் கோடு. தமிழில் நீர்ப்பிரிமேடு. அப்புறம், முக்கியமாக அமெரிக்க வழக்கில், அந்தக் கோட்டுக்குள் அடங்கிய நிலம் முழுவதுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. பிரிட்டனில் நிலத்தைக் கேட்ச்மென்ட் என்பார்கள், வாட்டர்ஷெட் என்றால் கோடுதான். குழப்பத்தின் பாதி இங்கிருந்து வருகிறது, ஏனென்றால் கேட்ச்மென்டில் உள்ள 'பிடித்தலை' அப்படியே தூக்கித்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றார்கள்.

சரி, அதில் என்ன தவறு? அகராதிப்படி பெரிய தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லுக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. "அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கனமழை" என்று செய்தியில் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் அணையோடும் மலையோடும் காட்டோடும் ஒட்டிவிட்டது. இன்னும் சிலர் அணையில் தண்ணீர் தேங்கி நிற்கும் பரப்பையே அப்படிச் சொல்கிறார்கள். பிடிப்பு என்றாலே பிடித்து வைப்பது என்றுதானே காதில் விழும்? வாட்டர்ஷெட் எதையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. மழை விழுந்து, சரிந்து, வடிந்து, கடைசியில் ஒரே வாய் வழியாக வெளியேறும் நிலம் எதுவோ அது வாட்டர்ஷெட். அதில் வயல் இருக்கும், பேருந்து நிலையம் இருக்கும், அடுக்குமாடி இருக்கும், வாகனம் நிறுத்தும் சிமென்ட் தரையும் இருக்கும்.

நிதி என்று வரும்போது இந்த வேறுபாடு பணத்தைத் தொடுகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஒரு வரியை ஏற்றார்கள்: மழைநீர் உள்ளே இறங்க முடியாதபடி மூடிய பரப்புக்கு, சதுர அடிக்கு ஆண்டுக்கு 2.5 சென்ட். அந்தப் பணம் மழைநீரைச் சேகரிக்கவும் சுத்தப்படுத்தவும் போகிறது. கவுன்டியையே 9 வாட்டர்ஷெட் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு அமைத்துத் திட்டங்களைத் தேர்வு செய்கிறார்கள். கூரையும் சிமென்ட் தளமும் தண்ணீரை நிலத்தில் விடாமல் வேகமாகத் தள்ளுகின்றன, அது வெள்ளம். தள்ளும்போதே எண்ணெய், குப்பை, உலோகத் தூள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது, அது தரக்கேடு. இரண்டுக்கும் காரணம் ஒரே நிலம், அதனால் வரியும் அந்த நிலத்தின் மேல். இதை 'நீர்ப்பிடிப்புப் பகுதி வரி' என்று மொழிபெயர்த்தால், நகரத்தில் வீடு வைத்திருப்பவர் "நான் எதற்குக் கட்ட வேண்டும்" என்று கேட்பது நியாயமாகவே தோன்றும்.

இதைவிட மோசம் 'நீர்நிலை மேம்பாடு'. இதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீர்நிலை என்றால் ஏரி, குளம், ஆறு. அந்தப் பெயரில் நிதி வந்தால் தூர்வாரலும் கரை கட்டுதலும் வேலியும் நடைபாதையும்தான் செலவுப் பட்டியலில் வரும். மேலே இருக்கும் நிலத்திலிருந்து மண்ணும் உரமும் கழிவும் வந்துகொண்டே இருக்கும்போது, கீழே குளத்தை மட்டும் எத்தனை முறை தூர்வாருவது? வாட்டர்ஷெட் வேலையின் அடிப்படை விதியே முகட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வருவதுதான். நியூயார்க் நகரம் 1997இல் மேலே உள்ள ஊர்களோடு ஒப்பந்தம் போட்டு, கேட்ஸ்கில் மலைப் பக்கத்தில் நிலம் வாங்கவும் பண்ணைக் கழிவையும் வீட்டுக் கழிவையும் சரிசெய்யவும் பணம் கொடுத்தது, அங்கிருந்து வரும் தண்ணீருக்குப் பெரிய வடிகட்டும் நிலையம் கட்டுவதைத் தவிர்க்க. நீர்நிலை என்ற சொல்லுக்குள் இந்த வேலை எங்கே அடங்கும்?

நான் எழுதுவது நீர்வடிப்பகுதி. நான் புதிதாகக் கட்டிய சொல் இல்லை. தமிழ்நாடு அரசில் இந்தத் திட்டங்களைப் பார்க்கும் அமைப்பின் பெயரே நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமைதான். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் அலைகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. வடிதல் எல்லோருக்கும் தெரிந்த வினை, வடிகால் தெரியாதவர் யார்?

இதற்கும் மறுப்பு உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வடிப்பகுதி என்றால் தண்ணீர் வந்து சேரும் தாழ்வான இடம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை "தண்ணீர் வடிந்து ஒரே இடத்துக்குப் போகும் நிலம் முழுவதும்" என்று விளக்கிவிட்டால் போதும். நீர்ப்பிடிப்பை அப்படிச் சரிசெய்ய முடியாது, பழைய பழக்கம் திரும்பத் திரும்ப இழுக்கும். இன்னொரு மறுப்பு இலக்கணக்காரர்களுடையது: வினைத்தொகையில் வல்லினம் மிகாது, சுடுகாடு, ஊறுகாய் போல 'நீர்வடிபகுதி' என்றுதான் வர வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் ஒற்றோடுதான் வழக்கில் நிலைத்திருக்கிறது, அந்த ஒரு ஒற்றுக்காக நல்ல சொல்லைத் தள்ள நான் தயாரில்லை.

படுகை வேண்டாம். காவிரிப் படுகை என்றால் ஆற்றை ஒட்டிய வண்டல் நிலமே நினைவுக்கு வரும். பேராற்றின் மொத்தப் பரப்புக்கு வடிநிலம் இருக்கிறது, அதற்குள் அடங்கும் சிறியவை நீர்வடிப்பகுதிகள். அளவு முக்கியம்தான்: அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு வாட்டர்ஷெட் பாதுகாப்பு, வெள்ளத் தடுப்புச் சட்டமே 2,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியைப் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. ஓர் ஏரிக்கு மட்டும் தண்ணீர் தரும் நிலம் என்றால் ஏரிக்காரர்கள் சொல்லும் நீர்வரத்துப் பகுதி அருமையான சொல், அதை அங்கே தாராளமாக எழுதலாம். அணைக்கு நீர்ப்பிடிப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வரலாற்றுக் கட்டுரையில் வரும் வாட்டர்ஷெட் தருணத்துக்குத் திருப்புமுனை இருக்கிறது. அதையும் 'நீர்ப்பிடிப்புத் தருணம்' என்று எழுதியவர்கள், அனுப்பும் முன் அந்த வாக்கியத்தை ஒருமுறையாவது வாய்விட்டுப் படித்திருக்கலாம்.