எக்கோ அறையில் கொஞ்சம் நுரை

கருவிலிருக்கும் குழந்தைக்கு நுரையீரலில் காற்று கிடையாது. அதனால் இரத்தத்தில் ஒரு பகுதி இதயத்தின் வலது மேலறையிலிருந்து நடுச்சுவர் ஓட்டை வழியாக நேரே இடது மேலறைக்குப் போய்விடும். பிறந்து மூச்சு விட்டதும் இடப்பக்க அழுத்தம் ஏறி, ஓட்டையின் மடல் கதவுபோல் சாத்திக்கொள்ளும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது ஒட்டாமலே நின்றுவிடுகிறது. பலருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் இராது. இளம் வயதில் காரணம் தெரியாத பக்கவாதம் வந்தால்தான், இரத்தக்கட்டி இந்த ஓட்டை வழியே மூளைக்குப் போயிருக்குமோ என்று தேடுவார்கள்.

நெஞ்சின் மேலிருந்து ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சாதாரண எக்கோ இங்கே ஏமாற்றும். இதய நுனியிலிருந்து பார்த்தால் ஒலி அலை சுவருக்கு இணையாக ஓடுகிறது. மெல்லிய இடத்திலிருந்து எதிரொலி வராமல், இல்லாத ஓட்டை கறுப்பாகத் தெரியும். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒலி அலை அனுப்பும் புரோபை வைத்தால் அலை சுவரில் குறுக்கே மோதும், சந்தேகம் தீரும்.

சின்ன ஓட்டைக்கு நுரைப் பரிசோதனைதான் கைகொடுக்கும். 10 மில்லி சிரிஞ்சு இரண்டை மூவழிக் குழாயில் மாட்டி, 9 மில்லி சலைன், 1 மில்லி காற்று. இங்குமங்கும் பத்துத் தடவை வேகமாகத் தள்ளினால் மோர்போல் வெளுக்கும். கண்ணுக்குத் தெரியும் காற்றை வெளியேற்றிவிட்டு, முழங்கை இரத்தக்குழாயில் (சிரையில்) சட்டென்று ஏற்ற வேண்டும். திரையில் வலப்பக்கம் வெள்ளையாக நிறையும். நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்ட முடியாத குமிழிகள் மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் தெரிந்தால், கதவு திறந்திருக்கிறது. ஐந்து துடிப்புக்கு அப்புறம் வந்தால் நுரையீரலுக்குள்ளேயே குறுக்குவழி இருக்கலாம். பதிவைச் சீக்கிரம் நிறுத்தினால் இது தப்பிவிடும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது நோயாளி முக்கும் முக்கல்தான். முக்கிவிட்டு விடும்போது தேங்கிய இரத்தம் வலப்பக்கம் பாய்ந்து, ஒரு கணம் கதவைத் தள்ளித் திறக்கும். வலது மேலறை வெளுக்கும் நேரத்தில் விட வேண்டும். வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் தெலுங்கும் வங்காளமும் மட்டும் பேசுகிறவர்கள் ஏராளம். அவர்களிடம் ஊசி போட்ட பிறகு “மூச்சை அடக்கி முக்குங்கண்ணே” என்றால் என்ன புரியும்? முன்னாடியே இரண்டு தடவை செய்து காட்டிப் பழக்க வேண்டும். விடும்போது நடுச்சுவர் இடப்பக்கம் புடைக்கவில்லையென்றால், “ஓட்டை இல்லை” என்ற ரிப்போர்ட்டை நம்பக் கூடாது.

உணவுக்குழாய் வழியே பார்க்கும் எக்கோவில் மடலின் நீள அகலம்வரை தெளிவாகத் தெரியும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டைக்கு மரப்பு ஸ்ப்ரே. மயக்கத்தில் இருப்பவர் சரியாக முக்க மாட்டார் என்பதுதான் அதில் உள்ள வில்லங்கம். முடிந்து வெளியே வந்ததும் டீக்கடைக்குப் போகக் கூடாது. மரப்பு தெளியுமுன் குடித்தால் புரையேறும்.